சோபா நீதிபதியின் ஒன்பதாவது தீர்ப்பு

துப்பறியும் தொடர்களில் வரும் துப்பறிவாளருக்கு எதுவும் வலிக்காது. தோளில் குண்டு பாய்ந்தாலும் கைக்குட்டையால் ஒரு கட்டு, அடுத்த காட்சியில் சுவரேறிக் குதிப்பார். நிஜத்தில் அப்படியெல்லாம் இல்லை. என் அண்ணிக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. வலது கன்னம் பந்தை ஒளித்துவைத்த மாதிரி உப்பியிருந்தது.

"பல் டாக்டர்கிட்ட போயிடலாம் அண்ணி."

"கேஸ் முடியட்டும்."

"போன கேஸ்லயும் இதையேதான் சொன்னீங்க. அப்ப கன்னம் கோலிக்குண்டு சைஸ்ல இருந்துச்சு."

"வாயை மூடிட்டுப் படி தம்பி."

"வாயை மூடிட்டு எப்படி அண்ணி படிக்கிறது?"

அண்ணி துப்பறியும் தொழிலில் கெட்டிக்காரி. அண்ணனுக்குக் கப்பலில் வேலை. அதனால் அண்ணிக்கு உதவியாளர், டிரைவர், தலைவலி மூன்றும் நான்தான். கொள்ளைக்காரனை நடுத்தெருவில் மடக்கிப் பிடித்த மனுஷி, பல் மருத்துவமனை போர்டைக் கண்டால் மட்டும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு டிவி ஸ்டுடியோவின் பின்பக்கப் படிக்கட்டில். மேலே 'கானக் கிரீடம்' பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு மேடை தயாராகிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு நேரடி ஒளிபரப்பு. அதற்குள் 'சோபா நீதிபதி' என்ற ஆளை நாங்கள் பிடித்தாக வேண்டும்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கானக் கிரீடத்தில் வாரா வாரம் ஒருவர் போட்டியிலிருந்து வெளியே போவார். ஞாயிறு காலையில் நேயர் ஓட்டு எண்ணி முடிப்பார்கள். முடிவு மூன்றே பேருக்குத் தெரியும். தயாரிப்பாளர், நிகழ்ச்சியை நடத்தும் தொகுப்பாளினி, யார் மைக்கை எப்போது திறப்பது என்று தெரிந்தாக வேண்டிய சவுண்டு இன்ஜினியர். மதியம் போட்டியாளர்களுக்கு மேக்கப் போட்டு, சட்டையில் காலர் மைக் குத்தி, வரிசையாக நிற்கவைத்து, 'போகப்போவது யார்?' என்று ஒரு முன்னோட்டம் எடுத்துப் போடுவார்கள். அது டிவியில் வந்த கொஞ்ச நேரத்தில், முகமில்லாத இந்தச் சோபா நீதிபதி தன் பேஸ்புக் பக்கத்தில் தீர்ப்பு எழுதிவிடுவார். 'இன்று வெளியேறுபவர் இவர்.' எட்டு வாரம் எழுதினார். எட்டும் பலித்தது.

தயாரிப்பாளரின் சந்தேகம் நேராகச் சவுண்டு இன்ஜினியர் மேல் விழுந்தது. காரணம், இறுதிச் சுற்றில் மிச்சமிருக்கும் இரண்டு பேரில் ஒருத்தி அவருடைய அக்கா மகள். அவள் மாமா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்போது ஸ்டுடியோ முழுக்க அவருக்கு 'சவுண்டு மாமா' என்றே பெயர். அவளுக்குப் பெயர் கீச்சு. பேசினால் சுண்டெலி மாதிரி கீச்சென்று இருக்கும். பாடினால் கூரை நாலு அடி மேலே போகும். நான் அவளுடைய பரம ரசிகன். என் ஓட்டு, அண்ணி ஓட்டு, கப்பலில் இருக்கும் அண்ணன் ஓட்டு எல்லாம் அவளுக்குத்தான்.

இன்றைக்குச் சோபா நீதிபதி ஒன்பதாவது தீர்ப்பை எழுதிவிட்டார். 'இன்று தோற்கப் போவது கீச்சு.'

அதைப் பார்த்ததும் தயாரிப்பாளர் வெடித்துவிட்டார். சவுண்டு மாமாவை மேக்கப் அறையில் தள்ளிப் பூட்டினார். எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மேஜையில் குத்தினார்.

"ஏழு மணிக்குள்ள வேற ஆளைக் காட்டுங்க. இல்லேன்னா மாமனும் வெளியே, மருமகளும் வெளியே. அந்தப் பொண்ணு மேடையேறவே கூடாது. 'திருட்டுத்தனம் பண்ணினதால நீக்கிட்டோம்'னு நாடே பார்க்கச் சொல்லிட்டு, தாடிக்காரனுக்குக் கிரீடத்தை வச்சுட்டுப் போயிட்டே இருப்பேன்!"

தாடிக்காரன் என்பது இன்னொரு போட்டியாளர். நல்ல பாடகர்தான். ஆனால் எனக்கு அவரைப் பிடிக்காது. ரசிகன் என்றால் அப்படித்தான்.

படிக்கட்டில் காலடி கேட்டது. கீச்சு இறங்கி வந்தாள். பளபளக்கும் மேடை உடை, அதற்கு மேல் அழுது வீங்கிய கண்.

"அண்ணா, மாமா யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டார். என்கிட்டயே சொல்ல மாட்டார். மத்தியானம் மைக் குத்தும்போதுகூட என் முகத்தைப் பார்க்கலை." மூக்கை உறிஞ்சினாள். "பார்க்கலைன்னா என்ன அர்த்தம்? நான் தோத்துட்டேன். அது பரவாயில்ல. திருடின்னு சொல்லி அனுப்பினா எங்கம்மா தாங்க மாட்டாங்க அண்ணா."

அண்ணி அவள் தோளைத் தட்டி, "போய் முகத்தைக் கழுவிட்டு வா. மேக்கப் போடணும்ல?" என்று அனுப்பினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "படி" என்றார்.

சோபா நீதிபதியின் பக்கத்தை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு இந்த ஆளோடு பழைய பகை. கீச்சுவைப் பற்றி அவர் எழுதியதற்கெல்லாம் கீழே போய்ச் சண்டை போட்டிருக்கிறேன்.

"கேளுங்க அண்ணி, இந்த அறிவுஜீவியோட கருத்தை. 'ஆட்டப் போட்டிகளைவிட எனக்குப் பாட்டுப் போட்டிகளே பிடிக்கும். ஆட்டத்தில் முகத்தைக் கிட்டத்தில் காட்டுவதில்லை.' இது ஒரு காரணமா? அடுத்தது. 'சமையல் போட்டிகள் சுத்த ஏமாற்று. ருசி பார்ப்பவர்கள் வாயை மூடிக்கொண்டே மெல்கிறார்கள்.' மூடாம? துப்பிக் காட்டுவாங்களா?"

அண்ணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"'நடுவர்களில் சிறந்தவர் நடுவில் அமரும் அம்மையார். அவர் சிரித்தால் மனசு நிறைகிறது. ஓரத்தில் அமர்பவர் அடுத்தவர் குறையைச் சொல்வதற்கு முன் இனிப்பைக் குறைக்கட்டும்.' சம்பந்தமே இல்லாம பேசுறான் பாருங்க. கீச்சு பத்தி என்னன்னா... 'இந்தப் பெண்ணைப் பார்க்கப் பார்க்க ஆனந்தம். இவ்வளவு அகலமாக வாய் திறக்கும் ஒருவரை நான் கண்டதில்லை.' கிண்டல் அண்ணி! இதுக்குத்தான் நான் போய்ச் சண்டை போட்டேன்."

"துப்பறியும் தொடர் பத்தி ஏதாவது?"

"அது இன்னும் கொடுமை. 'மூன்றாவது நிழல்' தொடர்ல அந்த டெலிபோன் எபிசோடு ஞாபகம் இருக்கா? கொலைகாரனோட குரல் போன்ல வரும். யாருன்னே தெரியாது. பின்னாடி நிக்கிற சமையல்காரம்மா திடீர்னு அழுவாங்க. ஏன்னா அது அவங்க பையனோட குரல்! நான் ஏழு தடவை பார்த்திருக்கேன், ஏழு தடவையும் மயிர்க்கூச்செறிஞ்சுது. இந்த ஆளு என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'வீண் எபிசோடு. ஐந்து பேர் ஒரு டெலிபோனையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு, ஏனென்று தெரியவில்லை, சமையல்காரம்மா அழுகிறார்.' ஏனென்று தெரியவில்லையாம்! செவுட்டுல நாலு விட்டா தெரியும்!"

அண்ணியின் கண் திறந்தது.

"திரும்பப் படி."

படித்தேன்.

"தம்பி, பாட்டுப் போட்டியைப் பத்தி இத்தனை கருத்து எழுதியிருக்கான். குரல் நல்லாருக்கு, சுருதி விலகிடுச்சு, அந்தப் பாட்டு அருமைன்னு எங்கயாவது ஒரு வார்த்தை இருக்கா?"

தேடினேன். மேலே போனேன், கீழே வந்தேன். கிடையாது.

"இந்த ஆளுக்குக் காது கேக்காதா அண்ணி?"

"ஒருவேளை இருக்கலாம். ஆனா இதைப் பாரு, 'அடுத்த ஆள் வந்துவிட்டார், பிறகு எழுதுகிறேன்'னு நாலு இடத்துல எழுதியிருக்கான். அப்ப வேலை செய்யிற இடத்துல டிவி ஓடுது. சத்தமே இல்லாம ஓடுது. ஆள் மாத்தி ஆள் வர்ற இடம்."

"பேங்க்! ஏர்போர்ட்! சலூன்!"

"அங்கெல்லாம் இனிப்பைக் குறைன்னு சொல்லுவாங்களா? மேல மேல வாயைப் பத்தியே எழுதறான். வாயை அகலமாத் திறந்தா ஆனந்தப்படுறான். நாள் முழுக்க அடுத்தவங்க வாயையே பார்த்துக்கிட்டிருக்கிறது யாரு?"

"என்னைப் பார்க்கிற எல்லாருமே என் வாயைத்தான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினேன். அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. விடை அவருக்கு முன்னாலேயே வந்து நின்றுவிட்டது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்துவிட்டது.

"பல் டாக்டர்" என்றார் ஈனக்குரலில்.

நான் படிக்கட்டில் உருண்டு சிரித்தேன். கடவுள் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் பல் மருத்துவமனைகள் ஊரில் அதிகம் இல்லை. வரிசையாகப் போன் போட்டேன். முதல் இடத்தில் டிவிக்குப் பதில் மீன் தொட்டி. இரண்டாவது இடத்தில் ஒரு பெண் எடுத்தாள்.

"டிவி இருக்குங்களா?" என்றேன்.

"இருக்கு சார்."

"சத்தம் வருமா?"

மறுமுனையில் ஒரு தயக்கம். "சார், உங்களுக்குப் பல்லுலதானே பிரச்சினை?"

"சொல்லுங்கம்மா, சத்தம் வருமா வராதா?"

"வராது சார். மெஷினைப் போட்டா எப்படியும் காதுல எதுவும் விழாதுன்னு டாக்டர் மியூட்லயே வச்சிருக்காரு. பாட்டுப் போட்டின்னா அவருக்கு உசிரு."

வண்டியைக் கிளப்பினேன்.

டாக்டர் ஒல்லியான மனிதர். வட்டக் கண்ணாடி, குழந்தை முகம். காத்திருக்கும் இடத்தில் ஒரு நீளச் சோபா, சுவரில் ஒரு டிவி. அதில் யாரோ வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். அண்ணி வாசற்படியிலேயே நின்றுகொண்டு, உள்ளே காலை வைக்காமல், விரலை நீட்டினார்.

"நீங்கதான் சோபா நீதிபதி!"

டாக்டர் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து உருண்டது. ஒரு கணம் திகைத்தார். அப்புறம் அவர் முகத்தில் பரவிய சந்தோஷம் இருக்கிறதே, லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரிக்க மாட்டான்.

"துப்பறிவாளரா? நிஜத் துப்பறிவாளரா? என்னைத் தேடியா?" இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினார். "எத்தனை தொடர் பார்த்திருக்கேன்! ஒருநாள் யாராவது கதவைத் தள்ளிக்கிட்டு வந்து 'நீங்கதான்'னு சொல்ல மாட்டாங்களான்னு ஏங்கியிருக்கேன். விலங்கு இருக்கா?"

"வண்டிச் சாவிதான் இருக்கு டாக்டர்" என்றேன்.

"பரவால்ல. எல்லாத்தையும் ஒத்துக்குறேன். எதை ஒத்துக்கணும்?"

"யார் தோக்கப் போறாங்கன்னு உங்களுக்கு ரகசியம் சொல்றது யார்?" என்றார் அண்ணி, இன்னமும் வாசலில் நின்றபடி.

"யாரும் சொல்றதில்லையே! நானே கண்டுபிடிக்கிறேன். எப்படின்னா..." டாக்டர் நிறுத்தினார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அண்ணியின் கன்னத்தை உற்றுப் பார்த்தார். "மேடம், அந்தக் கடைவாய்ப் பல்லு ஆடுது இல்ல? முதல்ல இந்த நாற்காலியில உட்காருங்க. உட்கார்ந்தாத்தான் சொல்லுவேன். இது என் கண்டிஷன்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் கீச்சுவின் வீங்கிய கண்ணை நினைத்துக்கொண்டேன். அண்ணியும் நினைத்திருக்க வேண்டும். தூக்குமேடைக்குப் போகிற மாதிரி போய் உட்கார்ந்தார்.

ஊசி போட்டாயிற்று. வாய் ஆவென்று திறந்தது. உள்ளே கண்ணாடி, வெளிச்சம், இரண்டு விரல். அந்த நிலைமையிலும் அண்ணி விசாரணையை விடவில்லை.

"ஆ ஊ ஆ ஆ?"

"எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேக்குறாங்க" என்று டாக்டர் எனக்கு மொழிபெயர்த்தார். "அந்த முன்னோட்டத்துல எல்லாரையும் வரிசையா நிக்கவச்சுக் கிட்டத்துல காட்டுவாங்க பாருங்க, அப்ப நான் வாயைத்தான் பார்ப்பேன். வாய்க்குக் கொஞ்சம் கீழே கறுப்பு வண்டு மாதிரி ஒரு மைக் இருக்கும். எல்லாருக்கும் இடது பக்கம் நெஞ்சுல. ஒருத்தருக்கு மட்டும் வலது தோள் ஓரத்துல. ராத்திரி வெளியே போறது அந்த வண்டு மாறின ஆளாத்தான் இருக்கும்! ஒரு வாரம்கூடத் தப்பலை."

"ஆ ஆ ஏ ஊ?"

"ஏன் மாறுதுன்னு கேக்குறாங்க. அது எனக்குத் தெரியாது மேடம். ஏதோ அடையாளக் குறின்னு நினைச்சேன். இன்னிக்குக் கீச்சுவுக்கு மாறியிருந்துச்சு. பாவம், எனக்கு அந்தப் பொண்ணை ரொம்பப் பிடிக்கும். அழுதுக்கிட்டேதான் எழுதினேன்."

"பிடிக்குமா?" என்றேன். "வாயை அகலமாத் திறக்குறான்னு கிண்டல் பண்ணீங்களே!"

"கிண்டலா?" டாக்டர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "சார், என்கிட்ட வர்றவங்க எல்லாம் திறக்கவே மாட்டாங்க."

அந்த நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம். அண்ணியின் பல் டாக்டரின் இடுக்கியில் இருந்தது. அண்ணி கத்துவதற்குக்கூட மறந்துபோய் எங்கோ வெறித்துக்கொண்டிருந்தார். பஞ்சைக் கடித்தபடி எழுந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"ழழ் ழூ ழாழா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உடனே ஸ்டுடியோவுக்குப் போகணுமாம்" என்றார் டாக்டர்.

"உங்களுக்கு எப்படிப் புரியுது?"

"இருபது வருஷமா எல்லாரும் என்கிட்ட இந்தப் பாஷையிலதான் சார் பேசுறாங்க."

அவரையும் வண்டியில் தூக்கிப் போட்டேன். குற்றவாளியே துப்பறிவாளருக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த கதை எந்தத் தொடரிலும் வந்ததில்லை.

ஸ்டுடியோவில் ஒரே களேபரம். சவுண்டு மாமா இல்லாததால் மேடையில் மைக்குகள் நரி மாதிரி ஊளையிட்டுக்கொண்டிருந்தன. ஏழு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். மேக்கப் அறைக் கதவைத் திறக்கவைத்தோம். கீச்சுவைக் கவனமாக வெளியிலேயே நிறுத்திக் கதவைச் சாத்தினேன். உள்ளே சவுண்டு மாமா முழங்காலில் கையை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தயாரிப்பாளர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ழாழா, ழைக் ஏழ் ழழம் ழாத்தி ழுத்தழீங்க?" என்றார் அண்ணி.

"மாமா, ஒருத்தருக்கு மட்டும் மைக்கை ஏன் பக்கம் மாத்திக் குத்தறீங்கன்னு கேக்குறாங்க" என்றார் டாக்டர், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

சவுண்டு மாமா தலையைத் தூக்கினார். "இவர் யாரு? அதெப்படிங்க தெரியும்? அது ஒண்ணுமில்ல, என் பழக்கம். வெளியே போறவங்களை எல்லாரும் ஓடிவந்து கட்டிப்பிடிப்பாங்க. மனுஷங்க கட்டிப்பிடிக்கும்போது தன்னை அறியாம ஒரே பக்கமாத்தான் சாயறாங்க. இடது நெஞ்சு நசுங்கும். மைக் அங்க இருந்தா கரகரன்னு காது கிழியும். அதனால அந்த ஆளுக்கு மட்டும் முன்கூட்டியே வலது தோளுக்கு மாத்திடுவேன்."

டாக்டர் மெதுவாகக் கையைத் தூக்கி, "அதைப் பார்த்துத்தாங்க நான் எழுதினேன். நான்தான் சோபா நீதிபதி" என்றார். சொல்லிவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வாழ்நாள் ஆசை நிறைவேறியது.

தன் போனில் பழைய முன்னோட்டங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். எட்டிலும் வண்டு இடம் மாறியிருந்தது. தயாரிப்பாளரின் கண் நெற்றிக்கு ஏறியது. ஆனால் அவர் விடவில்லை.

"சரி, எட்டு வாரம் ஒத்துக்கறேன். இன்னிக்கு? இன்னிக்கு இவர் எழுதினது..." சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

அண்ணி சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது, மீதி மரத்துப்போயிருந்தது. பஞ்சைத் துப்பிவிட்டு, நாக்கோடு மல்லுக்கட்டி, மொழிபெயர்ப்பாளர் தேவையில்லாமல் அவரே சொன்னார்.

"இன்னிக்கு இவர் எழுதினது தப்பு. அதுதானே மத்தியானத்துலேர்ந்து உங்களைக் குடையுது? எட்டு வாரம் சரியா எழுதினவன் இன்னிக்கு ஏன் தப்பா எழுதினான்? மாமன்தான் நம்மை ஏமாத்தத் தப்பா எழுதியிருக்கான்னு நினைச்சீங்க. இல்லை. வாரா வாரம் கட்டிப்பிடிக்கிறது தோத்தவங்களை. இறுதிச் சுற்றுல கட்டிப்பிடிக்கிறது யாரை?"

டாக்டர் "ஐயய்யோ!" என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

சவுண்டு மாமா பேசவில்லை. பேசத்தான் மாட்டாரே. ஆனால் காலையிலிருந்து அக்கா மகளின் முகத்தைப் பார்க்காமல் பிடித்து வைத்திருந்தது எல்லாம் கண்ணிலிருந்து கொட்டியது. பார்த்திருந்தால் சிரித்திருப்பார். சிரித்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"உண்மை தெரிஞ்சவன் தப்பா எழுத மாட்டான்" என்றார் அண்ணி. "தெரியாதவன்தான் எழுதினான். மாமாவை மேலே அனுப்புங்க, உங்க மைக்கெல்லாம் அழுவுது."

தயாரிப்பாளர் சவுண்டு மாமாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்பக்க வழியாக ஓடினார். மேலே ஊளை நின்றது.

நான் கதவைத் திறந்தேன். கீச்சு எதிரில் நின்றிருந்தாள்.

"மாமா திருடலைன்னு தெரிஞ்சுடுச்சாண்ணா?"

"தெரிஞ்சுடுச்சு. நீ மேடைக்குப் போ."

"அது போதும்ணா. தோத்தாலும் இனிமே கவலையில்ல." அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு முடிவு தெரியுமாண்ணா?"

ஊரிலேயே பெரிய வாயாடி நான். வயிற்றுக்குள் பத்துப் பட்டாசு ஒன்றாக வெடித்துக்கொண்டிருக்கிறது. உதட்டைக் கடித்தேன். கூரையைப் பார்த்தேன். "எனக்குப் பல்வலிம்மா" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

ஏழு மணி நிகழ்ச்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாடிக்காரர் நன்றாகத்தான் பாடினார், இப்போது ஒத்துக்கொள்கிறேன். கீச்சு பாடியபோது கூரை போன இடம் தெரியவில்லை. முடிவைச் சொன்னதும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாடிக்காரர் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்தார். நடுவர்கள் கட்டிப்பிடித்தார்கள். தோற்றவர்கள் எட்டுப் பேரும் கட்டிப்பிடித்தார்கள். அத்தனை பேர் மொய்த்தும் மைக்கில் ஒரு கரகர இல்லை. அவள் விக்கல்கூடத் தெளிவாகக் கேட்டது.

அப்புறம்தான் அவள் கிரீடத்தோடு மேடையிலிருந்து குதித்தாள். கேமராக்காரர்கள் பின்னால் ஓட, கூட்டத்தைப் பிளந்துகொண்டு சவுண்டு மேஜைக்கு ஓடினாள். "மாமா!" சுண்டெலிக் குரல். மாமா ஹெட்போனோடு எழுந்தார். பொத்தான்களைத் தாண்டிக்கொண்டு பாய்ந்தவளுக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று யோசிக்க நேரமில்லை. தவறான பக்கமாக, மைக் இருந்த பக்கமாகவே விழுந்து கட்டிக்கொண்டாள்.

கரகரகரகரவென்று நாடு முழுக்க டிவிகள் அலறின. தயாரிப்பாளர் காதைப் பொத்திக்கொண்டு, "சவுண்டைக் குறைங்க மாமா!" என்று கத்தினார். மாமாவுக்கு ஒரு பொத்தானைத் தள்ளினால் போதும். தள்ளவில்லை. இரண்டு கையிலும் அவள் இருந்தாள்.

அண்ணி மரத்துப்போன கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். ஊசியால் வந்த தண்ணீர் என்றார். நான் நம்புகிற மாதிரி தலையாட்டினேன்.

வீட்டுக்குப் போகும்போது வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து டாக்டர் போனில் தட்டிக்கொண்டே வந்தார். இறங்குவதற்கு முன் எனக்குக் காட்டினார்.

'என் ஒன்பதாவது தீர்ப்பு தவறு, மன்னிக்கவும். இன்று முதன்முறையாக இந்த நிகழ்ச்சியைச் சத்தத்தோடு பார்த்தேன். கீச்சுவின் வாய் மட்டுமல்ல, குரலும் பிரமாதம். கடைசி நிமிடத்தில் சவுண்டு படுமோசம். எனக்கு அழுகை வந்தது அந்த இடத்தில்தான்.'

அதற்கு முதல் லைக் போட்டவன் நான்.